இருமல் மருந்தோடு திரும்பியவர்கள்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் கொடுத்த தலைப்பு மிகப் பெரியது: உடல்நலம், கல்வி, சமூகம், மானுடப் புலங்கள் ஆகியவற்றை இணைக்கும் பல்துறை ஆய்வு. இதைப் பொதுவாகப் பேசத் தொடங்கினால் முழு நேரமும் நல்ல வார்த்தைகளிலேயே கழிந்துவிடும். பல்துறை ஆய்வு கூடாது என்று சொல்பவர் யாருமில்லை. எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை மேடையேறி வலியுறுத்துவது எனக்கும் அலுப்பு, கேட்கிற உங்களுக்கும் அலுப்பு. ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன், காசநோய். அதன் ஆராய்ச்சி வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்கள் இந்தப் பெங்களூரிலும் ஒரு ராத்திரி ரயில் தூரத்திலுள்ள சென்னையிலும் எழுதப்பட்டவை. நான் மருத்துவன் அல்லன். சமூகவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். மருத்துவர்கள் கூட்டும் ஆய்வுக் குழுக்களில் எங்கள் ஆட்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதை நெடுநாள் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லாத ஒரு காலம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1950-களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் காசநோயால் இறப்பதாக மதிப்பிட்டார்கள். வைத்தியம் என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டது. இன்று மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அது இறங்கும் ஸ்டேஷனின் பெயர் மட்டுமே. அங்கே படுக்கை கிடைப்பது அந்நாளில் குதிரைக் கொம்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இன்னொரு தலைவலியைக் கொண்டுவந்தது. காசநோய் ஆலைகளும் நெரிசலும் உள்ள பட்டணத்து நோய் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவுக்கு நோய் இருந்தது. நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேர் கிராமத்தில் இருந்த காலம் அது. நோயாளிகளில் பெரும்பாலோர் எந்தச் சானடோரியத்தின் வாசலையும் மிதிக்கப்போவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சென்னை வருகிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் பெரிய ஆய்வு மிக எளிய ஒரு கேள்வியைக் கேட்டது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்து, மீதிப் பேரை வீட்டிலேயே விட்டு, இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? மருந்துகள் ஐசோநியாசிடும் பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மற்றொன்றும்.

மருந்தைவிட எனக்குச் சுவையாகப்படுவது அவர்கள் வேலை செய்த விதம். வீட்டில் இருக்கும் நோயாளி மருந்து சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி எடுத்து ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் பதிவாயின. நுண்ணுயிரியலாளரும் புள்ளியியலாளரும் சந்துபொந்துகளில் நடந்து பழகிய ஒரு பெண் ஊழியரின் கைக்குறிப்பை நம்பித்தான் கணக்குப் போட முடிந்தது. அறிக்கையில் பெரிய பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கைக்குறிப்புகள் இல்லையென்றால் அறிக்கையே இல்லை.

முடிவு 1959-இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டுச் சிகிச்சை சளைக்கவில்லை. வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு பெரும் காரணம். சென்னையின் நெரிசலான வீடுகளில் கிடைத்த விடை ஐரோப்பாவின் மலைச் சரிவுகளில் இருந்த ஆஸ்பத்திரிகளையும் தொட்டது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அவர்கள் எடையும் கூடியது. வீட்டில் இருந்தவர்கள் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்தார்கள், ஓய்வும் குறைவு. அப்படியும் நோய் அடங்கியது. நல்ல மருந்து இருந்தால் சத்தான சாப்பாடு இல்லாமலும் கிருமி சாகும் என்பது அதன் பொருள். மிகச் சரியான விடை. ஆனால் காலப்போக்கில் மருத்துவ உலகம் இதைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் பெரிதாக இல்லை என்ற அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. இந்த விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். ஒரு துறை தனக்கான கேள்விக்குச் சரியாக விடை கண்டுவிட்டு, பக்கத்துத் துறையின் கேள்வியையும் சேர்த்து மூடிவிடுவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பெங்களூரு. பெல்லாரி சாலையில் அவலான் என்று ஒரு பழைய மாளிகை. 1959-இல் தேசிய காசநோய் நிறுவனம் அங்கே தொடங்கியது, அடுத்த ஆண்டு பிரதமர் நேரு முறைப்படி திறந்துவைத்தார். சென்னை கொடுத்த விடையைக் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது இந்த நிறுவனத்தின் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் இங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் ஹாஃப்டன் மாலர் என்ற டென்மார்க் மருத்துவர். பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநரானவர், 1978-இல் அல்மா ஆட்டா மாநாட்டில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகக் கொள்கையாக்கியவர். அவர் காலத்து அவலானில் மருத்துவர், புள்ளியியலாளர், நுண்ணுயிரியலாளர், சமூகவியலாளர் எல்லோரும் ஒரே திட்டத்தில் வேலை செய்தார்கள். அவர்களில் தேபபர் பானர்ஜி என்பவர் மருத்துவம் படித்துவிட்டு மானுடவியலும் பயின்றவர். பிற்காலத்தில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கென்று ஒரு மையத்தை உருவாக்கியவர். அவரும் உடன் பணியாற்றிய ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம்.

அன்றைக்கு அதிகாரிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, இருமலை யாரும் பொருட்படுத்துவதில்லை, நாட்டு மருந்து, மந்திரித்தல் என்று போய்விடுவார்கள், ஆகவே எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக அனுப்பி நாம்தான் நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று பேசினார்கள். இந்தப் பேச்சு இன்றும் வேறு வேறு நோய்களைப் பற்றி உங்கள் காதில் விழும். தும்கூரில் அப்போது எக்ஸ்ரே, சளிப் பரிசோதனையோடு ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. அதில் குறை தெரிந்தவர்களையும், ஒப்பீட்டுக்காகக் குறை தெரியாதவர்களையும் பானர்ஜியும் ஆண்டர்சனும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேசவைத்தார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது? அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? என்ன செய்தீர்கள்? எங்கே போனீர்கள்?

1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த முடிவு அந்த நம்பிக்கையின் அடியில் இருந்த மண்ணை வாரிவிட்டது. சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு ஏதோ நோய்க்குறி இருப்பது தெரிந்திருந்தது. 72 விழுக்காட்டினர் அதை நினைத்துக் கவலைப்பட்டிருந்தார்கள். பாதிக்குச் சற்று மேல், 52 விழுக்காட்டினர், வைத்தியத்துக்காக நடவடிக்கையும் எடுத்திருந்தார்கள், அரசு மருத்துவமனை, சுகாதார நிலையம் வரைக்கும் போயிருந்தார்கள். போனவர்களுக்கு அங்கே கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து.

இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எக்ஸ்ரேக்கு அவற்றைச் சொல்லத் தெரியாது. நுண்ணோக்கிக்கும் தெரியாது. கிருமி நுரையீரலில் இருப்பதை அவை காட்டும். அதே நுரையீரலுக்குச் சொந்தக்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, சந்தைக்குப் போகும் வண்டியில் தொற்றிக்கொண்டு, அரசு டிஸ்பென்சரி வரிசையில் நின்று, கலர்த் தண்ணீர் போல ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார் என்பதை யாராவது திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கேட்டவுடன் நோயாளி மேல் இருந்த பழி ஆஸ்பத்திரி மேல் வந்து உட்கார்ந்தது. வராதவனை வரவழைப்பது எப்படி என்ற கேள்வி போய், வந்தவனைப் பரிசோதிக்காமல் அனுப்பியது ஏன் என்ற கேள்வி வந்தது.

பல்துறை ஆய்வு என்று நான் மதிப்பது இதைத்தான். ஒரு மேசையைச் சுற்றி ஐந்து துறைக்காரர்கள் உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி, கடைசியில் ஒன்றாக பைண்டு செய்தால் அது தொகுப்பு நூல். சமூகவியலாளரின் விடையைக் கேட்டு மருத்துவர் தன் திட்டத்தை, தன் பட்ஜெட்டை, தன் ஊழியரின் அன்றாட வேலையை மாற்றிக்கொண்டாரா? அந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

அவலானில் மாற்றினார்கள். ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி ஓட்டுவதற்குப் பதிலாக, இருமலோடு தாமாகவே வருகிறவரின் சளியை அங்கேயே சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய் இருந்தால் அதே சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கொடுப்பது என்ற முறை வகுக்கப்பட்டது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் முன்னோட்டம் பார்த்து, 1962 முதல் மாவட்டக் காசநோய்த் திட்டமாக நாடு முழுவதற்கும் விரிந்தது. சுகாதார நிலைய அளவில் காசநோய்க்கென்று தனிக் கட்டடம், தனி ஊழியர் வேண்டாம், பொதுச் சுகாதார அமைப்புக்குள்ளேயே அதை வைக்க வேண்டும் என்பதும் இந்த ஆய்வு கொடுத்த துணிவில் எடுத்த முடிவு.

கல்வி இதில் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு மாவட்டத்துக்கான மருத்துவ அதிகாரி, ஆய்வகத் தொழில்நுட்பர், எக்ஸ்ரே தொழில்நுட்பர், சிகிச்சை ஒருங்கிணைப்பாளர், புள்ளிவிவர உதவியாளர் ஆகியோரைப் பெங்களூருக்கு வரவழைத்து ஒரு குழுவாகவே பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊர்ப் படிநிலையில் ஒரு டாக்டரும் புள்ளிவிவர உதவியாளரும் ஒரே வகுப்பில் உட்காருவது சாதாரண விஷயம் அல்ல. கருத்தரங்க உரைகளைவிட இந்த ஏற்பாட்டில் பல்துறைக் கல்வி அதிகம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் செய்கிறவன் ஆகிவிடுவேன். 1961 முதல் 1968 வரை பெங்களூருவைச் சுற்றிய மூன்று தாலுகாக்களில் 119 கிராமங்களில் நோய் எப்படிப் பரவுகிறது, வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று நான்கு முறை கணக்கெடுத்தார்கள். ஒழுங்கான சிகிச்சைத் திட்டம் அங்கே இன்னும் எட்டாத காலம். முதல் கணக்கெடுப்பில் சளியில் கிருமி இருந்தவர்கள் ஐந்தாண்டுக்குப் பிறகு: ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருந்தார்கள், மூன்றில் ஒரு பங்கினர் தானாகவே குணமாகியிருந்தார்கள், மீதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். காசநோயின் இயல்பான போக்கு என்று உலகப் பாடப் புத்தகங்களில் ஏறிய கணக்கு இது. ஐசோநியாசிட் 1952-இலிருந்தே கையில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் இந்தக் கணக்கு தொண்டையில் சிக்குகிறது. அந்த ஆய்வாளர்களை இன்றைய கூண்டில் ஏற்றி விசாரிப்பது என் நோக்கமில்லை. மருந்துத் தட்டுப்பாடு இருந்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கையே 1980-இல்தான் வந்தது. ஆனால் புள்ளியியலாளர், மருத்துவர், சமூகவியலாளர் என்று எத்தனை பேர் இருந்தாலும், இதை இப்படிச் செய்யலாமா என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அங்கே நாற்காலி இல்லை. தத்துவமும் அறவியலும் எதற்கு என்று கேட்கும் அறிவியல் நண்பர்களுக்கு நான் இந்த 119 கிராமங்களைத்தான் காட்டுவேன்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு கை ராசி இருக்கிறது. 1970-களின் நடுவில் இங்குள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் சகலவாரா கிராமத்தில் தொடங்கிய மனநலப் பணியும் ஏறத்தாழ இதே வழியில் போனது. மனநோயாளியை ஓசூர் ரோட்டில் உள்ள தங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் வீடு வீடாகப் போகும் ஊழியருக்கும் அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். அது பெல்லாரி மாவட்டத்தில் பெரிய அளவில் நடந்து, பிறகு நாட்டின் மாவட்ட மனநலத் திட்டமாயிற்று. பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1972-இல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனமும், ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியில் 1988-இல் உருவான தேசிய உயராய்வு நிறுவனமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. இரண்டிலும் இருந்தவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். மைசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1948-இல் தங்கி அவர் எடுத்த குறிப்புகளின் பிரதிகள் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை எழுதினார். வினாத்தாளோடு போகிறவருக்கு ஒரு வகை உண்மை கிடைக்கிறது, தங்கிப் பழகுகிறவருக்கு வேறொன்று. தும்கூரில் கிடைத்தது முதல் வகை. இரண்டாவது வகைக்கு அந்தத் திட்டத்தில் நேரம் ஒதுக்கவில்லை, அதன் விலையைப் பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது.

எப்படியென்றால், மாவட்டத் திட்டம் காகிதத்தில் இருந்த அளவுக்குத் தரையில் நடக்கவில்லை. 1992-இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. பணம் போதவில்லை, மருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை, சளியைவிட்டு மறுபடி எக்ஸ்ரேயையே நம்பத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் பதிவேட்டில் என்ன எழுதினார்கள்? நடுவில் நின்றுபோனவர், தவறியவர். பழி சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஒரு வருஷம் தினமும் மாத்திரை விழுங்குவது ஒரு குடும்பத்துக்குள் என்னவாக இருக்கிறது என்பதை யாரும் போதுமான அளவு உட்கார்ந்து பார்த்திருக்கவில்லை.

பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கள் துறையிலும் இல்லை, மருத்துவத்திலும் இல்லை. புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய 'செல்லம்மாள்' கதையில் நோயின் பெயர் முக்கியமில்லை. சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி, அவருடைய நோயாளி மனைவி. வேலைக்குப் போனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தால் சம்பளம் இல்லை. கஞ்சி வைப்பது, ஒத்தடம் கொடுப்பது, ராத்திரி விழித்திருப்பது, கடையில் கடன் கேட்பது எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்கலாம் என்று 1959-இல் அறிவியல் நிறுவியது. அந்த வீட்டில் வைத்தியத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது, அவர் எத்தனை நாள் தாங்குவார் என்பதை அதற்கு முன்பே ஒரு சிறுகதை காட்டியிருக்கிறது. சுகாதாரத் திட்டம் தீட்டுகிறவர்கள் அதைப் படித்திருந்தால் குறைந்தபட்சம், நோயாளியைக் கவனிக்கிறவருக்கு இழப்பாகும் கூலி என்று ஒரு பத்தியைத் தங்கள் படிவத்தில் சேர்த்திருப்பார்கள். இலக்கியத்தை ஆய்வுக்குள் கொண்டுவருவது என்றால் அறிக்கையின் தொடக்கத்தில் ஒரு மேற்கோள் போடுவது என்று நினைக்கிறார்கள். படிவத்தில் ஒரு பத்தி மாற வேண்டும் என்று கேட்கிறேன்.

சாப்பாட்டுக் கதைக்கு இப்போது வருகிறேன். சென்னை ஆய்வு முடிந்து அறுபது ஆண்டுகள் கழித்து, மங்களூரு ஏனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் சென்னைத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் ஒரு உணவுப் பொட்டலம். குடும்பங்களைப் பொறுத்தவரை ஒரு பாதிக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரைகள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் முடிவு வந்தது. அரிசி பருப்பு வாங்கிய குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. தொற்றும் வகை நோய் மட்டும் என்று பார்த்தால் 48 விழுக்காடு. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 விழுக்காடு குறைவு.

அரிசியும் பருப்பும் ஏறத்தாழ ஒரு தடுப்பூசி செய்யும் வேலையைச் செய்திருக்கின்றன. 1959-இன் முடிவு பொய்யாகிவிடவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும், வயிறு காலியாக இருந்தாலும் கொல்லும். அதே வீட்டில் அடுத்து யார் படுப்பார், முதல் மாதத்திலேயே யார் போய்விடுவார் என்பவை வேறு கேள்விகள், அவற்றை அன்று கேட்கவில்லை. அரசு 2018-இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி அறிவித்தது, 2024-இல் அதை 1,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்த உடனேயே ஊழியர் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இவற்றில் தேறாதவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எடை மெஷின், உயரம் அளக்கும் கோல், ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் சின்ன ஆக்ஸிஜன் மானி, இவ்வளவு போதும். பெரிய கருவி எதுவும் இல்லாமல் உயிர் காக்கும் ஆய்வு இன்னும் நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் நம் பல்கலைக்கழகங்களில் பல்துறை என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2020-இன் தேசிய கல்விக் கொள்கை, 2040-க்குள் எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் பல்துறை நிறுவனங்களாக வேண்டும் என்கிறது. கொள்கை வருவதற்கு முன்பே சந்தை வந்துவிட்டது. யோகாவும் வங்கிக் கடனும் சங்க இலக்கியமும் சர்க்கரை நோயும் ஒரே இதழில் அச்சாகும், கட்டணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரை வெளியாகும். பதவி உயர்வுக்கு மதிப்பெண் வேண்டும், மதிப்பெண்ணுக்குக் கட்டுரை வேண்டும். பெங்களூருவிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழில் 2018-இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் ஏறிய இதழ்களில், ஆராயப்பட்டவற்றில் 88 விழுக்காடு தரமற்றவை என்றது அது. அதே ஆண்டு மானியக் குழு 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. புதிய பட்டியல் ஒன்று வந்தது, 2025-இல் அதையும் கைவிட்டார்கள். இந்த இதழ்களில் எழுதும் இளைய ஆசிரியர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர்களை அந்த வரிசையில் நிற்கவைத்தவர்கள் நாங்கள், என் தலைமுறை.

என் புகார் ஒன்றுதான். எல்லாத் துறைக்கும் இடம் கொடுக்கும் அந்த இதழ்களில் ஒரு துறை இன்னொன்றைத் தொந்தரவு செய்வதே இல்லை. பானர்ஜி, ஆண்டர்சன் ஆய்வு மருத்துவர்களைத் தொந்தரவு செய்தது.

கடைசியாக, அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், நோய்க்குறி உள்ளவர்களில் 64 விழுக்காட்டினர் எந்த வைத்தியத்துக்கும் போகவில்லை என்று தெரிந்தது. காரணம் கேட்டால், 68 விழுக்காட்டினர் 'அலட்சியம் செய்துவிட்டேன்' என்ற கட்டத்தில் வருகிறார்கள். நோய்க்குறி என்றே தெரியாதவர்கள் 18, தானே மருந்து வாங்கிக்கொண்டவர்கள் 12, செலவுக்குப் பணமில்லை என்றவர்கள் வெறும் 2 விழுக்காடு. தும்கூர் எண்ணையும் இதையும் நேராக ஒப்பிடக் கூடாது. அது சளியில் கிருமி உறுதியானவர்களின் கணக்கு, இது இருமல், காய்ச்சல் என்று நோய்க்குறி உள்ள எல்லோருடைய கணக்கு. இருந்தாலும் அந்த 68 என்னை உறுத்துகிறது. ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலை செய்யும் ராய்ச்சூர்க்காரர் ஒருவர் இருமலோடு சாரத்தில் ஏறுகிறார், மாலையில் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கணக்கெடுப்பில் அவர் எந்தக் கட்டத்தில் விழுவார்? அலட்சியத்திலா, தானே மருந்து வாங்கியதிலா, பணமில்லாததிலா? மூன்றிலும் அவருக்கு இடம் உண்டு. ஒன்றில் மட்டும் டிக் செய்யச் சொன்னால், கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லிவிட்டுப் போவார்.

வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவுக்கு ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இரண்டு பேருக்கு உதவித்தொகை கொடுங்கள். ஒருவர் பொதுச் சுகாதாரம் படித்தவர், இன்னொருவர் சமூகவியலோ இலக்கியமோ படித்தவர். கன்னடம், தமிழ், இந்தி மூன்றும் இருவருக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு பாதி நேரம் தும்கூர் கிராமங்கள், மறுபாதி பெங்களூருவின் தொழிலாளர் குடியிருப்புகள். இருமல் வந்த அன்றிலிருந்து இன்றுவரை எங்கெல்லாம் போனீர்கள், அன்றைய கூலி என்ன, யார் கூட வந்தார்கள், என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்கட்டும். எந்தக் கட்டத்திலும் டிக் செய்யாமல், சொல்வதை முழுதாக எழுதிக்கொள்ளட்டும். எழுதியதைப் பல்துறை இதழுக்கு அனுப்புவதற்கு முன் மாவட்டக் காசநோய் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர் கோபப்பட்டால் ஆய்வு சரியான பாதையில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.